துட்டி வீட்டில் சொன்ன சொல்

செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. வந்தது என்றும் சொல்ல முடியாது. மறுமுனையில் மாயாண்டி, "தமிழய்யா, மிஸ்ஸு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "மிஸ்ஸுக்கு என்னய்யா?" என்றேன். பின்னால் ஒரு பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது. "திருநகர்லருந்து பேசுறேன்யா. மிஸ்ஸு வீட்டுக்குப் பக்கத்துல" என்றவர் மறுபடியும் நிறுத்திக்கொண்டார். காலமானார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்தார் என்று தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன! அதில் ஒன்றைக்கூட அந்த மனிதரால் வாயில் எடுக்க முடியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் டுடோரியலின் மாடிப்படி ஏறி இறங்கிய உங்களில் சிலருக்கும் தெரிந்திருக்கும். "வாரேன், வையி" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

அது நடந்து ஒரு வாரமாகிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து போடுகிற அஞ்சலி மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உட்கார முடிந்தால்தானே எழுத? நாலு வரி எழுதுகிறேன், எழுந்து தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறேன், எழுதியதை அடிக்கிறேன். 'லோகநாயகி அம்மையார் இயற்கை எய்தினார்' என்று எழுதிப் பார்த்தேன். மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டேன். "அது போஸ்டர் அடிக்கிறவரு சொல்றது, தமிழய்யா. நீங்க என்ன சொல்றீங்க?" என்று மிஸ் கேட்பார். இருந்தபோதும் படுத்தினார், இல்லாதபோதும் படுத்துகிறார்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்தது எங்கள் டுடோரியல். பத்தாவதில் கோட்டை விட்டவர்கள், பி.யூ.சி.யில் கோட்டை விட்டவர்கள், வேலை பார்த்துக்கொண்டே இங்கிலீஷ் பேசப் படிக்க வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான். என் வகுப்புக்கும் மிஸ்ஸின் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி. நான் இந்தப் பக்கம் வெண்பாவுக்குத் தளை தட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் அந்தப் பக்கம் ஆங்கில மரபுத்தொடர் நடத்துவார். நடத்துவார் என்றால் நடந்துகொண்டே நடத்துவார். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பலகைத் தரை என்பதால் அவர் நடக்க நடக்க என் மேசையும் ஆடும்.

ஒரு தொடரைச் சொல்லி அதற்கு அர்த்தம் சொல்வது அவர் வழக்கமில்லை. முதலில் ஓர் இடத்தைச் சொல்வார். "உங்க மாமா மகன் சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும்தான் ஊருக்கு வாரான். வாசல்ல பார்த்ததும் உங்க அம்மா என்ன சொல்லுவாங்க?"

"அத்தி பூத்தாப்புல வந்திருக்கயேப்பான்னு, மிஸ்."

"அதான். இப்ப எழுதிக்கங்க. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்."

அவர் வகுப்பில் யாருக்கும் பதில் வராவிட்டால் ஸ்கேலால் தட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவார். "தமிழய்யா பக்கம் யாருக்காச்சும் தெரியுமா?" அதுவரை என் வகுப்பில் தூங்கி வழிந்தவனெல்லாம் எழுந்து கத்துவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது வகுப்பா, ஏலக்கடையா?" என்று இடைவேளையில் சண்டைக்குப் போவேன். "உங்க பசங்க தமிழ் பேசுற ஒரே நேரம் அதுதான், அதையும் கெடுக்காதீங்க" என்பார். ஆறே மாதத்தில், தட்டி சத்தம் கேட்காத நாளில் எனக்குப் பாடமே ஓடாமல் போனது. என் பையன்களுக்கு முன்னால் நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒருநாள் 'புல்லிங் மை லெக்' வந்தது. ஒருவன் எழுந்து, "காலை வாரிட்டான்னு அர்த்தம் மிஸ்" என்றான். மிஸ்ஸின் நடை நின்றது. "காலை வாருனவன்கூட மறுநா டீ குடிப்பியா?" என்றார். "அவன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன் மிஸ்." "இது கேலி பண்ணுறவனுக்குச் சொல்றது. இவன்கூடத்தான் நீ தெனமும் டீ குடிக்கிற. ரெண்டும் வேற ஆளு." இன்னொரு நாள் 'பிரேக் தி ஐஸ்' என்பதற்குத் தமிழ் கேட்டார். முன்பின் தெரியாதவர்கள் பஸ்ஸில் அடுத்தடுத்து உட்கார்ந்தால் முதலில் என்ன பேசுவீர்கள் என்றார். இரண்டு வகுப்பும் சேர்ந்து, "அண்ணே, எந்தூரு?" என்று கத்தியது. "இதுக்கு நம்ம ஊர்ல ஒரு பேரே இல்ல. ஏன்னா நம்மூர்ல ஐஸ் உறையிறதே இல்ல" என்று சிரித்தார். பங்குனி வெயிலில் தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது.

அவர் கேட்பதெல்லாம் இரண்டே கேள்விகள். யாருகிட்டச் சொல்ற? எந்த வாசல்ல நின்னு சொல்ற? "அகராதி அர்த்தத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது" என்பார். இதை அவர் வகுப்பில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் பிரின்சிபாலுக்கு இதெல்லாம் ஆமை வேகமாகப் பட்டது. ஒருமுறை மிஸ் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவரே வகுப்புக்குள் புகுந்தார். தொடர்களை வரிசையாக எழுதிப்போட்டு, எதிரே ஒரு சொல்லில் தமிழும் எழுதி, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. "கிக் த பக்கெட்: இறத்தல். கிக் த பக்கெட்: இறத்தல்."

அந்தக் கோஷ்டியில் மாயாண்டியும் ஒருவர். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி வெள்ளாமைக் குடும்பம். வீட்டில் முதல் முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். சுங்குடிச் சேலையும் கைத்தறித் துணியும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு முதலாளியிடம் டைப்பிஸ்ட் வேலை. அந்த வேலையைப் பார்த்துத்தான் பெண்ணும் பேசி முடித்திருந்தார்கள்.

அடுத்த வாரம் முதலாளியின் தகப்பனார் இறந்துபோனார். துணி வாங்க வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் துக்கம் கேட்க வண்டியூர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்ற மாயாண்டிக்கு, தான் படித்ததைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்கவில்லை. "ஹிஸ் ஃபாதர் கிக்ட் த பக்கெட், சார்" என்று கணீரென்று சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரரின் முகம் சிவந்துபோனது. பக்கத்திலிருந்த முதலாளியின் மருமகன் மெட்ராஸில் படித்தவர், உள்ளே போய்ப் பச்சைத் தமிழில் சொல்லிவிட்டார். "மாமா, தாத்தா மண்டையப் போட்டுட்டாருன்னு சொல்றான் உங்க டைப்பிஸ்ட்டு." மொழிபெயர்ப்பில் குறை சொல்ல முடியாது. மாயாண்டியை அங்கேயே சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மாயாண்டி டுடோரியல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "மிஸ், பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான். எங்கய்யா ஆத்தா மூஞ்சில எப்படி முழிக்க?" என்றார். காய்ச்சல் முழுசாக விடாமலே வந்திருந்த மிஸ், பையைக் கீழே வைக்கவே இல்லை. "தமிழய்யா, செருப்பை மாட்டுங்க. துட்டி கேக்கப் போறோம்" என்றார். உங்கள் பாடத்தில் வந்த வினைக்கு நான் எதற்கு என்று கேட்டேன். "மண்டையப் போட்டான் உங்க பாடந்தானே?" என்றார்.

வண்டியூர்த் தெப்பக்குளத்தில் அந்த வருஷம் தண்ணீர் இல்லை. உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மிஸ் நேரே அந்த வீட்டுக்குப் போகவில்லை. குளத்தின் சுவரை ஒட்டி ஒரு சுற்று விறுவிறுவென்று நடந்தார். என்ன பேசுவது என்று அவருக்கே தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. எந்த இடத்தில் எந்தச் சொல் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் தனக்கு ஒரு சொல் கிடைக்காமல் சுற்றினார். பின்னால் ஓடியதில் என் செருப்பின் வார் அறுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துத் துட்டி வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாங்க என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். கிளம்பும்போது வாரேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சாவு மறுபடியும் அந்த வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்பதால், பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். நாங்களும் பேசாமல் போய் உட்கார்ந்தோம். மொட்டைத் தலையோடு முதலாளி கூடத்தில் இருந்தார். மிஸ் தன்னை இன்னார் என்று சொல்லி, மாயாண்டி பேரை எடுத்ததும் முதலாளி போதும் என்று கையைக் காட்டினார்.

"வேண்டாம்மா. அவன் பேச்சை எடுக்காதீங்க. எங்கய்யா அவனைத் தோள்ல தட்டி வேலை குடுத்தவரு. வேத்து ஆளுக்கு முன்னால இம்புட்டுக் கேவலமா சொல்லிட்டான்."

"அவனுக்கு அது கேவலமான சொல்லுன்னு தெரியாதுங்கய்யா."

"தெரியாதவன் வாயைத் தொறக்கக் கூடாது."

நான் எழுந்தேன். மிஸ்ஸும் எழுந்தார். வாசல்படி வரை போனவர் நின்றார். திரும்பி, கைகளைக் கூப்பி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்ப வாரேங்கய்யா" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. மூலையிலிருந்த ஒரு கிழவி, "அடி ஆத்தி! என்ன புள்ள, துட்டி வீட்டுல வாரேங்கிற?" என்று தலையில் கை வைத்தாள். மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. மருமகன் வேகமாக எழுந்தார். முதலாளி அவரை உட்காரச் சொன்னார். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க இந்த ஊருதானே?"

"இந்த ஊருதாங்கய்யா."

"மொறை தெரியுந்தானே?"

"தெரியுங்கய்யா."

"பொறந்ததுலருந்து பேசுற பேச்சுல, தெரிஞ்ச உங்களுக்கே வாய் தவறுது. நேத்துப் படிச்ச பேச்சுல அந்தப் பயலுக்குத் தவறுனா நான் என்னத்தைச் சொல்ல?" மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கய்யாவே ஆகாதவன் செத்தா மண்டையப் போட்டான்னுதான் சொல்லுவாரு. பதினாறு முடியட்டும். பயலை வேலைக்கு வரச் சொல்லுங்க."

இந்த முறை மிஸ் சொல்லாமல் படியிறங்கினார்.

தெரு திரும்பும் வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. "தெரிஞ்சுதானே சொன்னீங்க?" என்றேன். "பஸ் வந்திருச்சு, தமிழய்யா" என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தெப்பக்குளம் ஸ்டாப்பில் நின்றேன்.

அதற்குப் பிறகு கேட்காத இடமில்லை. மாயாண்டி கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்து கேட்டேன். "அப்பளம் நமத்திருச்சு" என்றார். டுடோரியல் மூடிய அன்று தட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். அது வாய் தவறியதா, துணிந்து சொன்னதா? தவறியதென்றால் பெரிய அதிர்ஷ்டம். துணிந்ததென்றால், இழவு வீட்டு வாசலில் அப்படி ஒரு சொல்லைப் போட்டுப் பார்க்க என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்! அந்தக் கண்ணீர் எதற்கு? எனக்கு இன்றைக்கும் இருப்புக் கொள்ளவில்லை. போன மாதம் படுக்கையில் இருந்தவரைப் பார்க்கப் போனபோதும் விடவில்லை. குரல் கம்மியிருந்தது. "யாருக்காகச் சொன்னேன்னு பாருங்க, தமிழய்யா. எப்படிச் சொன்னா என்ன?" என்றார். அதையும் பதில் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த தடவை பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாயாண்டியின் போன் வந்த அன்று திருநகருக்குப் போனேன். பந்தல்காலைப் பிடித்தபடி மாயாண்டி நின்றிருந்தார். இன்று அந்த ஏற்றுமதி ஆபீஸுக்கே அவர்தான் மானேஜர். வெள்ளைக்காரர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறவர். அன்றைக்கு வருகிறவர்களிடம் கையால் உள்ளே காட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. உள்ளே மிஸ் படுத்திருந்தார். அந்தக் கால்கள் அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். என்னால் அழ முடியவில்லை. கோபம்தான் வந்தது. பதில் சொல்லாமல் போகிறவரை என்ன செய்வது?

கிளம்பினேன். வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். திரும்பி அவரைப் பார்த்தேன்.

"வாரேன், மிஸ்" என்றேன்.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மிஸ்ஸின் தங்கை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாயாண்டி என் பின்னாலேயே தெருவுக்கு ஓடிவந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவர் கண்ணில் வழிந்துகொண்டிருந்தது.

"ஐயா, தெரிஞ்சா சொன்னீங்க?"

லோகநாயகி மிஸ் செத்துப்போனார். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் அவர் விட்டுப்போனது, யாருகிட்ட, எந்த வாசல்ல என்ற அந்த இரண்டு கேள்விகளும் ஒரே ஒரு பதிலும்தான். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

"பஸ் வந்திருச்சு, மாயாண்டி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.