மா சிடாலி கேட்ட மஞ்சள் இலை

மா சிடாலியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் வெர்லீனாவுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலியோரத்தில் நடந்த அந்தப் பேச்சுதான். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. முற்றத்துச் சீமைப்பலா மரத்தடியைப் பெருக்கி, சருகைக் குவித்துத் தீக்குச்சியும் கிழித்துவிட்டாள். தலையில் மீன் தட்டோடு வேலிக்கு வெளியே சிடாலி வந்து நின்றாள்.

“டூடூ, கொளுத்தாதே. கொஞ்சம் நில்லு.”

ஊரில் எல்லோரும் அவளுக்கு டூடூதான், கண்ணுதான். பாதிரியாரும் டூடூ, விலை போகாத மீனும் டூடூ.

“மீன் வேண்டாம், மா சிடாலி. வாங்கியாச்சு.”

“மீன் விக்க வரலை. இலை கேக்க வந்தேன். அந்தக் குவியல்ல மஞ்சளா மூணு கிடக்கும் பாரு, எடுத்துக் குடு.”

“மரத்துலேர்ந்து நல்லதாப் பறிச்சுத் தரேனே?”

“பச்சை எதுக்கு? தானா விழுந்த மஞ்சள்தான் பிரஷருக்கு. பள்ளிக்கூடத்துல ரெண்டு பாஷை சொல்லிக் குடுத்தாங்களே, இதைச் சொல்லிக் குடுக்கலையா?”

“உங்களுக்கா பிரஷர்?”

“எனக்கும்தான்.”

“எனக்கும்னா? வேற யாருக்கு?”

“கொதிக்க வெச்சா ஒரு கெட்டில் வருது. ஒருத்தியே குடிச்சுத் தீத்துட முடியுமா?”

வெர்லீனா மூன்று இலை எடுத்துக் கொடுத்தாள். நன்றாக இருந்ததே என்று நாலாவதும் எடுத்தாள். சிடாலி அவற்றை மடித்து மார்புத் துணிக்குள் வைத்துக்கொண்டாள்.

“இனிமே மஞ்சளைக் கொளுத்தாம ஓரமா வெச்சிடு. காலையில வந்து எடுத்துக்கறேன்.”

“சரி, மா சிடாலி.”

அந்த இன்னொரு ஆள் தன் அப்பாதான் என்று வெர்லீனாவுக்குத் தெரிய ஐந்து வாரம் ஆனது. அதுவரை தினமும் தன் கையாலேயே இலை பொறுக்கிக் கொடுத்திருந்தாள். அப்பா விடியற்காலையில் கிளம்புவது படகு வேலைக்கு என்றே நினைத்திருந்தாள். பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

அப்பா அன்செல்முக்கு அறுபத்து நாலு வயது. தீவின் ஓரத்து லாபோரி ஊர்க் கரையில் நிற்கிற படகுகளில் பாதி அவர் பலகை அடித்தவை. அம்மா போன பிறகு ஆறு வருடமாக அவருடைய பிரஷர் வெர்லீனாவின் பொறுப்பு. சுகாதார நிலையத்தில் கொடுத்த துண்டறிக்கையை ஆங்கிலத்திலிருந்து ஊர்ப் பேச்சான கிரியோலுக்கு அவளே மாற்றி எழுதி, இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். அப்பா இரண்டு மொழியிலும் கேட்கவில்லை. உப்புப் பன்றி வால் போடாமல், பயறும் கிழங்கும் மாவுருண்டையும் மட்டும் போட்டு அவள் வைத்த சனிக்கிழமைச் சாறான பூயோனை நாலு கரண்டி விழுங்கிவிட்டு, “ஆஸ்பத்திரி வாசனை வருது” என்று எழுந்துவிடுவார். நேராக ரம் கடைக்குப் போய்க் கருவாடு வைத்த பொரித்த ரொட்டி தின்பார். கிழமைக்கு ஒரு அறையாக ஏழு அறை வைத்த நீல மாத்திரைப் பெட்டி ஒன்றை அவள் தலைநகரில் தேடி வாங்கிவந்தாள். ஒரே மாதத்தில், “எங்கயோ வெச்சுட்டேன்” என்றார். மாத்திரைகள் ஆணி டப்பாவுக்குள் கிடந்ததை அவள் ஒருமுறை பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை. சத்தம் போடத் தெரியாத பெண். கதவைத்தான் சத்தமாகச் சாத்துவாள்.

ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை. நர்ஸ் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், இறக்கினார், மறுபடி அடித்தார்.

“நூத்தி நாப்பத்தி நாலு, எண்பத்தெட்டு. போன தடவை நூத்தி எழுபத்தெட்டு. அன்செல்ம் ஐயா, யாரோ உங்களைத் திருத்தியிருக்காங்க!”

வெர்லீனா கையைக் கட்டிக்கொண்டு, வரப்போகிற பாராட்டுக்காகக் கொஞ்சம் தலைகுனிந்தாள்.

“சிடாலி,” என்றார் அப்பா. “விடிஞ்சதும் விடியாததுமா நடத்திக் கூட்டிட்டுப் போறா. கடல்ல முக்கறா. மீன் சாறு குடுக்கறா, ஒரு கல் உப்பு கிடையாது. எலுமிச்சையும் தைம் இலையும்தான். ரெண்டு கிண்ணம் குடிக்கறேன். அதுக்கப்புறம் இலைத் தண்ணி.”

“இலைத் தண்ணி குடிங்க, தப்பில்லை. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. பொண்ணும் கூடவே வந்திருக்கு பாருங்க, அதுக்கும் ஒரு நன்றி சொல்லுங்க.”

“ஆமாமா,” என்றார் அப்பா. “இலை இவ மரத்து இலைதான்.”

மறுநாளிலிருந்து வெர்லீனா இன்னும் இருட்டாக இருக்கும்போதே எழுந்து மஞ்சள் இலைகளைப் பெருக்கிக் கொளுத்தினாள். சிடாலி வேலியோரம் வந்து சாம்பலைப் பார்த்தாள், வெர்லீனாவைப் பார்த்தாள். “பரவாயில்லை, டூடூ. மாதா கோயில் மரத்துக்கும் வயசாகுது, அதுவும் உதிர்க்குது” என்று போய்விட்டாள். ஐந்தரை மணிக்கு அப்பா வாசல் கதவைத் திறக்கும்போது வெர்லீனா ஜன்னலைப் படீரென்று சாத்துவாள். அதோடு அவளுடைய நாள் ஆரம்பமாகும்.

சிடாலி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அவள் கதை ஊருக்கே தெரியும். பதினாலு வயதில் மீன் தட்டைத் தலைக்கு ஏற்றியவள். கல்யாணமானபின் மீனோடு ஒரு வாளி உப்புக்கறியும் விற்றாள். அவள் வாளிப் பன்றி வாலுக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். புருஷன் க்ளோவிஸும் அதைத் தின்றே பெருத்தான். நாற்பத்தொன்பது வயதில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது மணலில் சாய்ந்தான். வாய் கோணிக்கொண்டது. இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தான், ஒரு வார்த்தை பேசாமலே போனான். அடக்கம் முடிந்த மறுநாள் சிடாலி அந்த வாளியை நடுத்தெருவில் கவிழ்த்தாள். மழை வந்து கழுவுகிறவரை நாய்கள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பாதி வாடிக்கை அன்றோடு போயிற்று. பிறகுதான் அவளுக்கே பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சுகாதார நிலைய அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. நர்ஸ் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள்.

இதெல்லாம் தெரிந்தும் வெர்லீனாவுக்குப் பொறாமை. ரம் கடையைத் தாண்டும்போது எவனாவது, “வெர்லீனா, சித்தி எப்ப வீட்டுக்கு வராங்க?” என்பான். “வந்தா உனக்குச் சோறு போடச் சொல்றேன்” என்று சொல்லியிருக்கலாமே என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றும்.

அக்டோபரில் ஒரு விடியற்காலை அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்கப் போகிறவள்போலக் கரைக்குப் போனாள். கழுத்தளவு தண்ணீரில் இரண்டு தலைகள் தெரிந்தன. அப்பா பேசிக்கொண்டிருந்தார். காற்று கரைப்பக்கம் அடித்ததால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கல்யாணத்தன்று அம்மாவின் செருப்பு அறுந்து, மாதா கோயில் வரைக்கும் அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போன கதை. வெர்லீனா பிறந்து இருபத்தேழு வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கதையைக் கேட்டதில்லை. சிடாலி சிரித்த சிரிப்பில் நாரைகள் எழுந்து பறந்தன.

இருவரும் கரையேறிப் பாறையில் உட்கார்ந்தார்கள். சிடாலி பிளாஸ்க் மூடியில் இலைத் தண்ணீரை ஊற்றினாள். “முதல்ல அது,” என்றாள். அப்பா பையிலிருந்து நீலப் பெட்டியை எடுத்தார். புதன் என்று எழுதிய அறையைத் திறந்து, மாத்திரையை வாயில் போட்டு, இலைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். சிடாலியும் துணி முடிச்சிலிருந்து தன்னுடையதை எடுத்து விழுங்கினாள்.

மாத்திரை வேளாவேளைக்கு உள்ளே போகிறது. ஆறு வருடமாக அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனால் தொலைந்துபோனதாகச் சொன்ன அந்தப் பெட்டியை அந்தப் பாறைமேல் பார்த்தது வெர்லீனாவுக்குப் பொறுக்கவில்லை. துண்டு நனையாமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

நவம்பரில் அதைச் செய்தாள். சனிக்கிழமை பன்றி வால் வாங்கி வந்தாள். ஊறவைத்து உப்பை இறக்காமல், அம்மா போடுகிற மாதிரி அப்படியே பூயோனில் போட்டாள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். மூடியைத் திறந்து முகத்தை ஆவியில் காட்டினார். மூன்று கிண்ணம் சாப்பிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருவாடும் வாழைக்காயும். திங்கட்கிழமை மிச்சமிருந்த பன்றி வாலோடு சிவப்புப் பயறு. மூன்று நாளும் அப்பா வேறெங்கும் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை அவளே தட்டைக் கழுவிக்கொண்டு ஏதோ பாட்டு முனகினாள்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் இரண்டு தரம் பார்த்தார். மூன்றாவது தரமும் பார்த்தார்.

“நூத்தி எழுபத்தி ரெண்டு. நூறு.”

வெர்லீனாவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் சொல்லி அவளால் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. சிடாலியின் கடலும் இலையும் தோற்றுவிட்டன. மறுகணம் வலையோரம் மணலில் சாய்ந்த க்ளோவிஸ் நினைவுக்கு வந்தான்.

“என்ன சாப்பிட்டீங்க?” என்று நர்ஸ் அதட்டினார்.

அப்பா தரையைப் பார்த்தார். “ரம் கடையில கருவாடு. நாக்கு கேக்கலை.”

வெர்லீனா பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை குற்றம் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அன்று மத்தியானம் கரையில் வாதுமை மரத்தடியில் சிடாலி மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். வெர்லீனா எதிரே போய் நின்றாள்.

“மா சிடாலி, பன்றி வால் போட்டது நான்தான்.”

“தெரியும். மூணு நாளா மூச்சுல மணந்துச்சு. நான் வித்த சரக்கு, எனக்குத் தெரியாதா?”

“அப்பாகிட்ட ஏன் கேக்கலை?”

“கேட்டேனே. ‘என் பொண்ணு ஆறு வருஷம் கழிச்சு அவ அம்மா மாதிரி சமைச்சிருக்கா, வேண்டாம்னு எந்த வாயால சொல்றது’ன்னாரு. நல்லா திட்டிட்டேன்.” கத்தியால் ஒரு செதிலைத் தட்டிவிட்டாள். “உன்னையும் திட்டணும். மீன் கெட்டுப்போகும், அப்புறமாத் திட்டறேன்.”

வெர்லீனா பிறகு பல நாளாக வாய்க்குள் இருந்ததைக் கேட்டாள். “அப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?”

சிடாலி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். “எதுக்கு? ஒருத்தனுக்குச் சமைச்சுப் போட்டு மேலே அனுப்பி வெச்சாச்சு, போதாதா? எனக்கும் நடக்கணும், டூடூ. தனியாப் போனா என் காலு பாதி வழியில திரும்பிடுது. வாயடிச்சுக்கிட்டே வர ஒரு ஆள் வேணும். உங்கப்பா நல்லா வாயடிக்கறாரு.”

வெர்லீனாவுக்குக் கண் கலங்கியது. “இனிமே மஞ்சள் இலையை நானே கொண்டு வந்து தரேன். உப்பில்லாமத்தான் சமைப்பேன். ஜன்னலையும் சாத்த மாட்டேன். நானும் உங்ககூட நடக்க வரேன்.”

சீவுகிற கத்தி நின்றது.

“ஐயையோ, காரியத்தைக் கெடுத்துடாதே! அந்த மனுஷன் எதுக்குத் தினம் எழுந்து வராருன்னு நெனச்சே? இலைத் தண்ணி ருசியா? கசாயம் மாதிரி இருக்கும். நீ ஜன்னலைச் சாத்தற சத்தம் கேட்டதும் ஓட்டமும் நடையுமா வந்து, ‘கேட்டியா சிடாலி, இன்னிக்கு ரெண்டு தடவை சாத்தினா’ம்பாரு. ரெண்டு பொம்பளைங்க தனக்காக முறைச்சுக்கறது அவருக்கு அறுபத்தி நாலு வயசுல இப்பத்தான் வாய்ச்சிருக்கு. அந்தத் தெம்புலதான் மேடே ஏறறாரு, மாத்திரையும் முழுங்கறாரு. நாம சேந்துட்டோம்னு வெச்சுக்க, மறுநாளே போர்வையை இழுத்து மூடிக்குவாரு.”

“அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?”

சிடாலி செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். ஊரே அப்பாவின் காதுக்குக் கொண்டுபோகும் என்று தெரிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“உப்பை விட்டுடு. அது ஒண்ணு. மத்தபடி கிறிஸ்துமஸ் வருது, வீட்டுக்கு வீடு உப்புத் தொடைக்கறி வெட்டுவாங்க. அது இந்த ஊரைத் தாண்டற வரைக்கும் எனக்காக ஒண்ணு செய், டூடூ. இந்த மூஞ்சியை இப்படியே தூக்கி வெச்சுக்க. ஜன்னலையும் இன்னும் கொஞ்சம் பலமாச் சாத்து.”