மூன்று தரம் கேட்டேன்

யோம் கிப்பூர் யூதர்களுடைய பெரிய விரத நாள். மாலையில் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. நான் மதம் மாறவில்லை. என் கணவரோடு சேர்ந்து விரதம் மட்டும் பிடிக்கிறேன். கந்தசஷ்டி பிடித்து வளர்ந்தவளுக்குப் பசி பெரிய விஷயமில்லை. கஷ்டமெல்லாம் அதற்கு முதல் வாரம்தான். மனிதருக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிக்க மாட்டாராம். அவரவரிடமே நேரில் போய்க் கேட்க வேண்டுமாம். மூன்று தரம் கேட்டும் மறுத்தால், கேட்டவர்மேல் பழியில்லை. கணவர் இதைச் சொன்னதும் எனக்கு அப்பாவின் முகம்தான் நினைவில் வந்தது.

மெல்பேர்ணில் வேலைப் பயிற்சி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய், அங்கே பதிவுத் திருமணம் செய்துகொண்டவள் நான். அன்று விடிய எழும்பி ரொட்டி சுட்டுக் கட்டித் தந்து, விமான நிலையத்தில் இறக்கிவிட்டதும் அவர்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் இந்த வருடம் விரதத்துக்கு முன் மூன்று தரம் ரயிலேறி, அப்பா இருக்கும் வென்ட்வேர்த்வில்லுக்குப் போனேன். முதல் தரம் அவர் கதவே திறக்கவில்லை. இரண்டாம் தரம் தலையிடி என்று அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். மூன்றாம் தரம் கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

“அவனை விட்டிட்டு வந்திட்டியோ?”

“இல்லை அப்பா. உங்களுக்குப் பொய் சொன்னனான். அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

“அப்ப கலியாணம்?”

“அது பிழையில்லை. அதுக்குக் கேக்க மாட்டன்.”

“அப்ப போ.”

போனேன். ஸ்டேஷன்வரை அழுதுகொண்டே நடந்தேன். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை.

விரத நாளில் ஜெபாலயத்தில் எல்லோரும் எழுந்து நின்று பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கைமுட்டியால் நெஞ்சில் தட்டுகிறார்கள். தான் செய்யாததற்கும் தட்ட வேண்டும். அங்கே எல்லோருக்காகவும் எல்லோரும் கேட்கிறார்கள். பொய் வந்தபோது மனமாரத் தட்டினேன். மனதைக் கல்லாக்கிக்கொண்ட பாவம் வந்தது. அது அப்பாவுடையது. அவர் ஒருநாளும் அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதனால் அவருக்காக நான் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.