திரவியத்தின் நாற்பத்தெட்டு

மாடம்மாளுக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டி. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இதய ஆபரேஷன் முடிந்தவர்களைக் கவனிக்கும் ஐசியுவில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். அங்கே நோயாளியின் நெற்றியிலும் இடுப்பிலும் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். அது தோல் வழியே ஒளியைச் செலுத்தி, உள்ளே சதைக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் போய்ச் சேருகிறது என்று திரையில் எண்ணாகக் காட்டும். பிபி இறங்கும் முன்பே சில சமயம் அந்த எண் இறங்கிவிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வால்வு மாற்றிய திரவியத்தைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நாங்குநேரிக்காரர், கட்டட வேலைக்கு வந்தவர். பிபி சரி. விரலில் மாட்டிய கருவியும் சரி. இடுப்புப் பட்டை மட்டும் எழுபதிலிருந்து இறங்கி இறங்கி நாற்பத்தெட்டில் நின்றது. மாடம்மாள் அதைப் பிய்த்துவிட்டு வேறொன்று ஒட்டினாள். அதே நாற்பத்தெட்டு. டாக்டர் பத்மகுமாருக்கு போன் செய்தாள்.

“பிபி ஓகே அல்லே சிஸ்டரே? ஸ்டிக்கர் இளகிக்காணும், சரியா ஒட்டியிருக்காது. கொஞ்சம் கழிச்சு வந்து பாக்கறேன்.”

புதுசு ஒட்டியாச்சு சார் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். வெளியே வராந்தாவுக்கு வந்தபோது திரவியத்தின் மனைவி பொன்னம்மை எழுந்து நின்றாள்.

“ஏம்மா, எப்படி இருக்காவ?”

“நல்லாருக்காருக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

ஒன்றரை மணி நேரத்தில் பிபி விழுந்தது. நெஞ்சைத் திறந்தபோது இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. திரவியம் பிழைக்கவில்லை. நான்தான் வந்து பார்த்திருக்க வேண்டும் என்று பத்மகுமார் எல்லார் முன்னாலும் சொன்னார். மாடம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பிறகு அந்த வராந்தாவில் நடக்கும்போதெல்லாம் “எப்படி இருக்காவ” என்று பின்னால் கேட்கும். திரும்பினால் ஆள் இருக்காது. பின்பக்கப் படிக்கட்டில் போய்வரத் தொடங்கினாள். வீட்டில் கணவன் வேல்சாமி அசந்து கிடந்தால், அவள் கை தானாக அவன் இடுப்பைத் தொட்டுச் சூடு பார்க்கும்.

போன ஜூனில் விதுராவிலிருந்து வந்த சபீனாவுக்கும் ஆபரேஷன் முடிந்தபின் இடுப்புப் பட்டை எண் அப்படியே இறங்கியது. மற்றதெல்லாம் சரி. பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று போனில் சொன்னார் டாக்டர் அனூப்.

“நீங்க வந்து பாருங்க சார். அதுவரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்.”

அவர் ஓடிவந்தார். ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரிந்தது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் சபீனா எழுந்து நடந்தாள். எல்லாரும் மாடம்மாளைக் கொண்டாடினார்கள். இதோடு திரவியம் தன்னை விட்டுவிடுவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். விடவில்லை. அன்றைக்குப் போனை வைக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இப்போது கண்ணால் பார்த்ததாகிவிட்டதே.

பொன்னம்மை தம்பானூரில் ஒரு லாட்ஜ் சமையலறையில் வேலை பார்ப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு மாடம்மாள் ஒரு காலையில் அங்கே போனாள். அன்றைக்கு நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பொன்னம்மை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அவியளுக்கு வலிச்சிருக்குமா?”

“இல்லக்கா. மயக்கத்துலதான் இருந்தாரு.”

பொன்னம்மை அவள் முகத்தையே பார்த்தாள்.

“அன்னைக்கும் நீ இப்படித்தாம்மா சட்டுனு சொன்ன.”

திட்டவில்லை, அழவுமில்லை. உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள். மாடம்மாள் பஸ் ஏறி, இரண்டு மணி டியூட்டிக்குப் போனாள்.