பறவூர் யூத ஜெப ஆலயமும் எங்கள் வீட்டுக் கதவும்

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கேரளத்தின் வடக்கு பறவூரில் இருக்கும் யூத ஜெப ஆலயத்தைப் பார்க்கப் போனேன். நிம்மதியான பயணம் என்று சொல்லமாட்டேன். ஆறு வருடங்களுக்கு முன் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, காலமானார். திருத்தணி வீடு என் பாகத்துக்கு வந்த அதே வாரம், நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, என் அண்ணன் பூஜை அறைக் கதவைக் கழற்றி அரக்கோணத்துக்குக் கொண்டுபோய்விட்டான். அன்றிலிருந்து வெறும் வாசல்நிலையில் ஒரு துணித்திரை தொங்குகிறது.

இப்போது என் மகளுக்குக் கல்யாணம். பழைய கதவைத் தரமாட்டேன், அதே மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று அண்ணன் சொல்லியனுப்பினான். அந்தச் செவ்வாய் மாலை ஐந்துக்குள் நான் சரி சொல்லாவிட்டால் தச்சர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அவனும் கல்யாணத்துக்கு வரமாட்டான். நகலை வீட்டுக்குள் விடுவதில்லை என்பது என் முடிவு. டிக்கெட் முன்பே எடுத்திருந்ததால் பதிலே சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் 13 கி.மீ., புறநகர் ரயிலில் பத்து ரூபாய். அங்கிருந்து ஆலுவாவுக்கு இரவு வண்டியில் படுக்கை வசதி. வண்டி மூன்று மணி நேரம் தாமதம். செவ்வாய் காலை பத்தரைக்கு இன்னும் ஆலுவா வரவில்லை. என் மனைவி கல்பனா கைப்பேசியை நீட்டினாள். என் அண்ணனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாவா ரெண்டு வாட்டி பண்ணிட்டாருங்க. இன்னா சொல்றது?"

"தூங்கிகினு இருக்கேன்னு சொல்லு."

"பத்தரை மணிக்கா? கூடப் பொறந்தவருக்கு உங்களத் தெரியாதா?"

ஆலுவாவிலிருந்து பறவூருக்குப் பஸ், சுமார் 16 கி.மீ., இருபத்தைந்து ரூபாய். மூடியிருந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் பயம். ஆட்டோக்காரர் சிரித்தார்: "திங்களாழ்ச்சதான் லீவு, சாரே. பேடிக்கண்டா." பயப்பட வேண்டாமாம். நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு 2.15க்கு வாசலில் இறக்கினார்.

தெருவைப் பார்த்து ஓடு வேய்ந்த மாடிக் கட்டடம் ஒன்று. அதுதான் நுழைவாயில். உள்ளே முற்றம், பிறகு தூண்கள் வரிசையிட்ட நீண்ட நடை. கோயில் பிராகாரத்தில் நடப்பது போலத்தான் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம் என்கிறார்கள். மண்டபத்தின் நடுவே வேதம் வாசிக்கும் மேடை, மேலே மாடத்தில் இன்னொன்று. கேரள யூதர்களிடம் மட்டும்தான் இந்த இரண்டாவது மேடை உண்டாம். அதன் பின்னால் பெண்கள் உட்காரும் பகுதி. மேற்குச் சுவரில், ஜெருசலேம் இருக்கும் திசையில், வேதச் சுருள்களை வைக்கும் மரப் பேழை.

பேழையின் முன்னால் நின்று கல்பனாவுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்தினேன். "இந்தச் செதுக்கலப் பாரு. காலம் ஏறின மரம். இது பக்கத்துல ஒரு நகல வெச்சா, கண்ண மூடிகினு தடவிப் பாத்தே சொல்லிடுவேன்."

பின்னால் நின்ற காவலாளி அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாரே, இது புதுசா செஞ்சது. ஒறிஜினல் ஜெருசலேம்ல, மியூசியத்தில் உண்டு."

பக்கத்துப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. கல்பனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம்.ஏ. ஹிஸ்டரிங்க, எங்க வீட்டுக்காரரு."

கோபத்தில் வெளியே போனேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். அந்தச் சுவரை வெறுமையாக விட்டிருந்தால் மண்டபம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பூஜை அறைத் திரை காற்றில் ஆடுவது நினைவுக்கு வந்தது. 4.50க்கு அண்ணனை அழைத்தேன்.

"இன்னாடா, எழுந்துட்டியா?"

"செய்யச் சொல்லு. ஆனா அளவு நான்தான் எடுப்பேன்."

"அளவு எதுக்குடா? கதவு எங்கிட்டதான கீது."

"நிலை எங்கிட்ட கீது."

"ஆங். எடுத்துக்கினு வா."

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை தவிருங்கள். ரயில் தாமதத்துக்கென்று அரை நாள் ஒதுக்குங்கள். பலகைகளை முதலில் படியுங்கள், வாயை அப்புறம் திறக்கலாம். அண்ணனை நான் மன்னித்துவிட்டதாக யாரும் பின்னூட்டம் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை நிலையின் அளவோடு அரக்கோணம் போகிறேன். அவன் வீட்டில் காபி குடிக்கமாட்டேன் என்று கல்பனாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.