பெத்தம்மாள் செய்த சிபாரிசு

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய விஜயராணி, பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் மின்னணுச் சிப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பட்டத்துக்கு அடுத்த படி, ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த ஆய்வாளர் வேலை. அதற்காக அவள் எழுதிப்போடாத ஊர் இல்லை. பதில் போட்ட ஊர்தான் இல்லை. தொண்ணூற்று நான்கில் சிங்கப்பூர் ஆய்வுக்கூடம் ஒன்று மட்டும் கூப்பிட்டுப் பேசியது. அதுவும் கைவிட்டால் ஆராய்ச்சிக்கே முழுக்குப் போட்டுவிடுவதென்று தீர்மானித்திருந்தாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் படிக்கவைத்த அம்மாவிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அவள் குடியிருந்த தாமான் புதிய குடியிருப்பு; அங்கே எல்லா வீட்டுக்கும் தொலைபேசி வந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெத்தம்மாளின் எண்ணைத்தான் சிங்கப்பூருக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவளைப் பெத்தம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“ராணி, சிங்கப்பூர்லேருந்து போன் வந்துச்சுலா! நல்ல தமிழ் ஆளு. நீ வேலைக்குப் போயிருக்கன்னேன். உன்னப் பத்திக் கேட்டாரு, எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னீங்க, அத்தை?”

“பொண்ணு கேட்டா என்ன சொல்லணுமோ அதத்தான். நல்லா சமைக்கும், யாரையும் எதுத்துப் பேசாது, பொழுது சாஞ்சா வெளிய போகாதுன்னேன்.”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம். ஆய்வுக்கூட வேலை வாங்க முடியுமா? விடியவிடிய ஆய்வுக்கூடத்தில் இருப்பேன், பேராசிரியரே தப்பாகச் சொன்னாலும் மறுத்துப் பேசுவேன் என்றல்லவா நேர்காணலில் விஜயராணி அளந்துவிட்டு வந்திருந்தாள்! பெத்தம்மாளை முறைக்கக்கூட நேரமில்லை. ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்துச் சிங்கப்பூருக்குப் போட்டாள்.

பேராசிரியர் புவனேந்திரன்தான் பேசினார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததுமே சிரித்துவிட்டார்.

“அவங்களத் திட்டாதீங்க. எங்க லேப்ல எடுத்த ஆளுங்க பாதியிலேயே விட்டுட்டுப் போயிடுறாங்க. நீங்க நிப்பீங்களான்னு மட்டுந்தான் எனக்குச் சந்தேகம். அந்தம்மா சொல்றாங்க, ‘படிக்கிறப்ப மெஷின் கெட்டு, செஞ்சதெல்லாம் வீணாப்போச்சு. எங்க வீட்டு அடுப்படியில ஒக்காந்து அழுதுட்டு, மறுநாளே போயி மொதல்லேருந்து ஆரம்பிச்சுச்சு. எங்க பொண்ணு போன எடத்துலேருந்து பொட்டியத் தூக்கிட்டு வராது’ன்னு. இத ஏன் நீங்க சொல்லல? திங்கக்கிழம லெட்டர் போடுறேன். வேலை உங்களுக்குத்தான்.”

போன உயிர் திரும்பி வந்தது விஜயராணிக்கு. தொலைபேசியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தேம்பினாள். நடந்ததை அவள் விக்கி விக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பெத்தம்மாளின் முகம் சுண்டிவிட்டது.

“அப்ப மாப்பிள்ள இல்லையா? ஐயோ, நீ அழுத கதையெல்லாம் சொல்லித் தொலச்சேனே!”

விஜயராணி அவளைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்க சொன்னதுல அது ஒன்னுதான் உண்மை, அத்தை. அதுக்குத்தான் வேலையே கொடுத்திருக்காங்க.”