வாப்பாவின் முகம் வந்த வெள்ளிக்கிழமை

2004 ஜனவரி 12 – குவைத்துக்கு ஒரு நிமிடம், 62 ரூபா
2006 ஒக்டோபர் 9 – 38 ரூபா
2008 மார்ச் 17 – 19 ரூபா
2009 மே 29 – காசு வாங்கவில்லை

ஓட்டமாவடியில் சபீனா நடத்திய, வெளிநாட்டு அழைப்பு எடுத்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடையின் கட்டணம் இது. கடைசி நாளில் காசு வாங்காததற்குக் காரணம், அன்று பேசவிருந்தவர் அவளுடைய வாப்பா மஜீட்.

குவைத்தில் லொறி ஓட்டும் மஜீட், இளைய மகள் றமீஸாவின் நிக்காஹுக்கு வருவதாக இருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று புதன்கிழமைதான் சொன்னார். மாப்பிள்ளை ஷிஹானுக்கோ ஞாயிற்றுக்கிழமை சவூதிக்குப் பயணம். போனால் இரண்டு வருடம்.

திருமணப் பதிவாளர் அஹமட் ஒரு வழி சொன்னார்.

"வாப்பா அங்கயிருந்து எனக்குப் பொறுப்புத் தந்தா நான் முடிச்சு வைப்பன். ஆனா ரெண்டு சாட்சியும் அவர்ர குரலையும் கேக்கணும், முகத்தையும் பாக்கணும். வெறுங்குரலுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"முகம் வரும், காக்கா. நான் பொறுப்பு" என்றாள் சபீனா.

அவள் அப்படிச் சொல்ல ஆதாரம் இருந்தது. இணையத்தில் ஓர் அழைப்பு நடக்க வேண்டுமானால், குரல் போகுமுன் இரு பக்கக் கணினிகளும் தமக்குள் பேசி முடிக்க வேண்டும்: யார் கூப்பிடுகிறார், மணி அடிக்கிறதா, குரலை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று. இதற்கு அவள் அறிந்த முறைகள் இரண்டு. முதலாவது எச்.323. தொலைபேசித் துறையினர் வகுத்தது. கண்டிப்பானது, ஆனால் சடங்கு அதிகம். ஒரு வாசலில் அனுமதி, அடுத்த வாசலில் பேரம், அதற்குப் பிறகுதான் பேச்சு. சுனாமி வந்த வாரத்தில் கல்குடாப் பக்கத்து உறவுகளைத் தேடிச் சனம் கடையை நிறைத்தபோது, அந்தச் சடங்கு முடியுமுன்னே தேய்ந்த லைன் அறுந்துவிடும். ஏன் அறுந்தது என்று பார்க்கப் போனால், அழைப்பைக் கணினி குறித்து வைத்த பதிவில் இருப்பது மனிதர் வாசிக்க முடியாத எண்களின் குவியல். அழுதுகொண்டு நின்றவர்களுக்கு அவளால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் படித்தாள். இரண்டாவதான சிப் (SIP), சாதாரண எழுத்தில் எழுதிய தந்தி மாதிரி. 'கூப்பிடுகிறேன்', 'மணி அடிக்கிறது', 'சரி' என்று வரிவரியாக ஓடும். எச்.323 இலும் படம் அனுப்பலாம்தான். ஆனால் அவளுக்குக் கிடைத்த சேவை குரலை மட்டுமே கொண்டு போனது. ஆகவே நிக்காஹுக்குச் சிப்பைத் தெரிவு செய்தாள். வியாழக்கிழமை கடையின் முன்னறைக் கணினியிலிருந்து பின்னறைக் கணினிக்கு அழைத்துப் பார்த்தாள். றமீஸாவின் முகம் கண்ணாடியில் போலத் தெரிந்தது.

யுத்தம் முடிந்து இரண்டு கிழமை ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் கடைக்குள் நெருக்கி நின்றார்கள். சபீனா அழைத்தாள். மணி உடனே அடித்தது. குவைத்தில் ஒரு கணினி முன்னால் காத்திருந்த வாப்பா எடுத்தார். திரை கறுப்பாகவே இருந்தது. சத்தமும் இல்லை.

"என்ன புள்ள, உங்கட வாப்பா குவைத்தில இருக்காரா, குகைக்குள்ள இருக்காரா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா உதுமாலெவ்வை. பள்ளிவாசல் நிருவாகத்தின் செயலாளர் அவர்.

அந்நேரம் சபீனாவின் கைப்பேசி அலறியது. மஜீட்தான்.

"மகள், எனக்கு எல்லாரும் தெரியிறீங்க, பேசுறதும் கேக்குது. உதுமாலெவ்வை மச்சானுக்குத் தொப்பி சரிஞ்சு கிடக்கு, சொல்லு."

உதுமாலெவ்வை அவசரமாகத் தொப்பியை நிமிர்த்தினார். கடையே சிரித்தது. அஹமட் சிரிக்கவில்லை.

"பின்னேரம் அஸர் தொழுகைக்கு எனக்கு வாழைச்சேனையில இன்னொரு நிக்காஹ் இருக்கு, தங்கச்சி."

பின்னறைக் கதவிடுக்கில் றமீஸாவின் கண்கள் தெரிந்தன. "றாத்தா, விடுங்க. ரெண்டு வருசம்தானே" என்றாள்.

"வாய மூடுகா" என்று சபீனா கணினியில் அழைப்பின் பதிவைத் திறந்தாள். இம்முறை அது வாசிக்கக் கூடியதாக இருந்தது. கூப்பிட்டது சரி. மணி சரி. எடுத்தது சரி. 'குரலையும் படத்தையும் இங்கே அனுப்பவும்' என்று அவளுடைய கணினி வாப்பாவின் கணினிக்குச் சொன்ன வரியில் விரல் நின்றது: 192.168.1.5.

அது அவளுடைய றவுட்டர் கடைக்குள் இருக்கும் கணினிக்கு வைத்த எண். சுனாமி வீட்டுத்திட்டத்துக்காரர் ஊர்ப் பெயரில்லாமல் '42ஆம் வீடு' என்று மட்டும் விலாசம் கொடுப்பது போன்ற வேலை. முன்னறைக்கும் பின்னறைக்கும் அது போதும், குவைத்துக்குப் போதாது. வாப்பாவின் முகம் அங்கேயே வழி தேடி அலைந்துகொண்டிருந்தது.

மென்பொருளில் அதற்கு ஓர் இடம் இருந்தது. வெளியே உள்ள ஒரு சேவையிடம், 'என்னை வெளியிலிருந்து பார்த்தால் என்ன விலாசம்?' என்று கேட்கச் சொல்லும் இடம். கடைக்குள் சோதித்தபோது தேவைப்படாததால் அதை வெறுமையாக விட்டிருந்தாள். இப்போது நிரப்பினாள். மறுபடி அழைத்தாள். பதிவில் அந்த வரி மாறியிருந்தது.

திரையில் மஜீட் வந்தார். புதுச் சட்டை, கன்னத்தில் கண்ணீர்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

கடை முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. அஹமட் கதிரையை இழுத்துப் போட்டு, சாட்சிகளை முன்னுக்கு அழைத்தார். "என்ர மகள் றமீஸாட நிக்காஹை நடத்த உங்களுக்குப் பொறுப்புத் தாறன்" என்று மஜீட் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஷிஹான் ஏற்றுக்கொண்டபோது உம்மாமாரின் குரவை வீதி வரை கேட்டது.

உதுமாலெவ்வை சபீனாவின் மேசையருகே வந்தார். "இன்னும் எத்தின வாப்பாமார் வெளியில இருக்காங்க, புள்ள! இத எப்பிடிச் செய்யிறண்டு நீ எழுதித் தா. நிருவாகத்தில நான் வைக்கிறன்."

எழுதிக் கொடுத்தாள். பள்ளிவாசல் இரண்டு கடிதங்களில் விளக்கம் கேட்டது; இரண்டுக்கும் பதில் போட்டாள். வெளிநாட்டிலிருக்கும் தகப்பன்மார் இனி அவளுடைய கடை வழியாக நிக்காஹுக்குப் பொறுப்புக் கொடுக்கலாம் என்று உதுமாலெவ்வை கையொப்பமிட்ட கடைசிக் கடிதம் வந்தது 2009 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை.