ஒரே பாட்டோடு முடிந்த கச்சேரி

2005, ஆடி மாதம். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அம்மனுக்குக் கூழ் வார்த்த ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் என் கடைசி மகள் கல்லூரியில் சேர வேண்டும். எந்தப் படிப்பில் சேர்வது என்பதுதான் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சண்டை.

இசைக் கல்லூரியில் அவளுக்கு இரண்டு படிப்பிலும் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, மேடைக் கச்சேரிக்குத் தயார் செய்யும் பட்டம். மற்றது, பள்ளியில் பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியருக்கான பட்டம். அவள் இரண்டாவதைக் கேட்டாள். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் கத்திக் கத்தியே தொண்டை போனவன். அவ்வளவு நல்ல குரலை நாற்பது பிள்ளைகள் நடுவில் கொண்டுபோய்த் தொலைப்பதா என்று புலம்பிக்கொண்டே இருந்தேன்.

"பாடப் போறது அவ. நீங்க ஏன் இருமறீங்க?" என்றாள் என் மனைவி.

அந்தக் கூழ் விழாவில் பாட மகளைக் கேட்டிருந்தார்கள். மேடை ருசி கண்டால் மனம் மாறிவிடும் என்று நம்பி, நானே எட்டுப் பாட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் முன்வரிசையில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பித் தலைகளை எண்ணினேன். நூற்றைத் தாண்டியது. பாதிக்கு மேல் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள்.

அவள் முதல் வரியைப் பாடி நிறுத்தியதும், அந்தப் பெண்கள் மொத்தமாக அதைத் திருப்பிப் பாடினார்கள். கூழ் வார்க்கும்போது ஒருவர் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் அங்கே வழக்கம். கச்சேரி என்றால் சும்மா கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிடில்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு முறைத்தார். விழாக் கமிட்டிக்காரர் எழுந்து, "ஏம்மா, கம்முனு கேளுங்களேன்!" என்று அதட்டினார். எனக்கு மானம் போனது.

"இருங்கண்ணே, பாடட்டும்" என்றாள் மகள்.

அதே வரியை இரண்டாக உடைத்து, மெதுவாகப் பாடினாள். அவர்கள் வாங்கிப் பாடினார்கள். ஒரு அம்மாளுக்கு மட்டும் மேலே போகும் இடத்தில் குரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் மேடையை விட்டு இறங்கி, அந்த அம்மாளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"எனுக்கு வராது கண்ணு. உப்புக் காத்து குடிச்ச தொண்ட."

"வரும்க்கா. என் கையப் பாருங்க. கை மேல போறப்ப நீங்களும் போங்க."

குரல் பலமுறை வழுக்கி, கடைசியில் அந்த இடம் வந்துவிட்டது. கூட்டம் விசிலடித்தது. அந்த ஒரு பாட்டிலேயே நேரம் போய், சாமி புறப்பாட்டுக்கு மேளம் கொட்டிவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பொருமினேன். "எட்டுல ஒண்ணுதான் பாடியிருக்கற."

"அந்த ஒண்ணு அவங்களுக்கு வந்துடுச்சே பா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "நான் பாடறப்ப எதிர்ல இருக்கறவங்க சும்மா இருக்கணும்னா, எனக்கு அது வாணாம் பா" என்றாள்.

மறுநாள் ஆசிரியர் படிப்பில் சேர்ந்தாள். பெற்றோர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன், மனசில்லாமல்.

இப்போது அவள் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். கச்சேரிப் பக்கம் போயிருந்தால் பெரிய பாடகி ஆகியிருப்பாளோ என்று எனக்கு இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளுக்குச் சுருதி சேர்ந்த நொடியில் என் மகள் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை, அவள் தனியாகப் பாடிய எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.